கழுத்து டியூப்பும் கணக்குச் சோறும்: ஃபேட்டி லிவர் வந்த பூனையை வீட்டில் பார்ப்பது

மஞ்சள் காமாலை என்றதும் நம்மூர் வீடுகளில் முதலில் ஆரம்பிப்பது பத்தியம். எண்ணெய் நிறுத்தம், கறி மீன் நிறுத்தம், கீழாநெல்லியை அரைத்து மோரில் கலக்கிக் காலையில் வெறும் வயிற்றில். மனுஷருக்கு அது சரியா தப்பா என்பது வேறு பேச்சு. காதும் கண்ணும் மஞ்சளித்துச் சுருண்டு கிடக்கிற பூனைக்கு அதே பத்தியத்தை வைத்தால் நோய் இன்னும் வேகமாக முற்றும். ஏனென்றால் அந்த நோய், அதாவது கல்லீரலில் கொழுப்பு தேங்கும் ஃபேட்டி லிவர், வந்ததே பட்டினியால்தான்.

மனிதருக்கு வரும் ஃபேட்டி லிவர் வருஷக்கணக்கில் தின்று தின்று சேர்வது. பூனைக்கு வருவது சில நாள் தின்னாமல் கிடந்ததில். தீனி நின்றதும் உடம்பு தன் கொழுப்பைக் கரைத்துக் கல்லீரலுக்கு அனுப்புகிறது. அதைப் பக்குவம் செய்து திரும்ப வெளியே அனுப்பக் கல்லீரலுக்குப் புரதம் வேண்டும். பூனை கறி தின்றே வாழப் பிறந்த பிராணி. பட்டினி கிடந்தாலும் உடம்பில் உள்ள புரதத்தை எரிக்கிற வேகத்தைக் குறைக்க அதற்குத் தெரியாது. ஆகவே புரதம் தீர்ந்துபோகும், கொழுப்பு வந்துகொண்டே இருக்கும். களக்காட்டு மண்டிக்கு லாரி வராத நாளில் வாழைத்தார் குவிகிற மாதிரி, கல்லீரல் அணுக்களுக்குள் கொழுப்பு தேங்கி வீங்கிப் பித்தநீர் போகும் வழியும் அடைபடும். மஞ்சள் அப்போதுதான் வெளியே தெரியும்.

கொழுத்த பூனைக்கு ஆபத்து அதிகம். மெலிந்த பூனைக்கு வராது என்றும் இல்லை. சில பூனைக்கு 2 நாள் பட்டினி போதும், சிலது ஒரு வாரம் தாங்கும். "பசிச்சா தன்னால திங்கும்ல, விடுவே" என்று சொல்லாத வீடு இந்தப் பக்கம் குறைவு. பசி ருசி அறியாது என்பது நமக்கு. பூனை ருசி பிடிக்காவிட்டால் பசியோடேயே படுத்துக்கிடக்கும். சாளையும் நெத்திலியும் தின்று வளர்ந்த பூனைக்குத் திடீரென்று பாக்கெட் தீனியை மட்டும் வைத்து, மல்லுக்கு நின்று பழக்கப் பார்ப்பதில் தொடங்கும் கேஸ்கள் உண்டு. ஆடித்தபசுக்குச் சங்கரன்கோவில் போன வீட்டுக்காரர் தட்டு நிறைய வைத்துவிட்டுப் பூட்டிப்போக, பயத்தில் தொடாமலே கிடந்த பூனை, புது வீடு, புது நாய், பக்கத்து மச்சில் மாட்டிக்கொண்டு 4 நாள் கழித்து இறங்கிவந்த பூனை, எல்லாம் இதே வழி. பல சமயம் அடியில் வேறு நோய் இருக்கும்: கணைய அழற்சி, குடல் அழற்சி, பித்தக்குழாய் அழற்சி, சர்க்கரை, வாய்ப்புண், சொத்தைப்பல். அதைத் தேடாமல் விட்டால் தீனிக்கென்று கழுத்தில் போடும் டியூப்பில் எவ்வளவு ஊற்றினாலும் பூனை தானாகத் தின்னத் திரும்பாது.

ஒரு முழு நாள் தின்னவில்லை என்றால் மருத்துவருக்குப் போன் போடுங்கள். இரண்டாம் நாள் கூட்டிப்போய்விடுங்கள்.

மஞ்சளைப் பகல் வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். குண்டு பல்பு வெளிச்சத்தில் எல்லாப் பூனையும் மஞ்சள்தான். வாயைத் திறந்து மேலண்ணம், ஈறு, காது மடலின் உள்பக்கம், கண் வெள்ளை என்று பாருங்கள். ஈறு கருப்பாக உள்ள பூனைக்கு மேலண்ணம்தான் கை கொடுக்கும். முதுகெலும்பு துருத்தித் தொடை வற்றிப்போய், வயிற்றுக் கொழுப்பு மட்டும் அப்படியே தொங்குவது இந்த நோயின் சாயல். எச்சில் வடிப்பது, உதட்டை நக்கிக்கொண்டே இருப்பது, தட்டருகே போய் மோந்துவிட்டு முகத்தைத் திருப்புவது எல்லாம் குமட்டல். ரத்தப் பரிசோதனையில் மஞ்சளைத் தரும் பிலிருபினோடு ஏ.எல்.பி. என்ற கல்லீரல் நொதி நன்றாக ஏறியிருக்கும், ஜி.ஜி.டி. என்ற இன்னொரு நொதி மட்டும் பெரும்பாலும் அடக்கமாக இருக்கும். இந்த இரு நொதிகளின் பொருத்தத்தைப் பார்த்தே மருத்துவர் பாதி முடிவுக்கு வருவார். ஸ்கேனில் கல்லீரல் பெருத்து வெளுப்பாகத் தெரியும்.

நம் பக்கத்தில், திருநெல்வேலி இராமையன்பட்டியில் கால்நடை மருத்துவக் கல்லூரி 2012 முதல் இருக்கிறது. திசையன்விளை, அம்பாசமுத்திரம் பக்கமிருந்து வருகிறவர்கள் புறநோயாளி நேரத்தை விசாரித்துக்கொண்டு கிளம்பினால் அலைச்சல் மிச்சம். தனியார் மருத்துவரானால் போனிலேயே ஒரு கேள்வி கேளுங்கள்: "பூனைக்குக் கழுத்து வழியா டியூப் போடுவீங்களா?" போடுவார் என்றால் போங்கள். ஊசி போட்டு, டிரிப் ஏற்றி, வீட்டுக்கு அனுப்பி, மறுநாளும் அதையே செய்தால் நாள்தான் கழியும். 5 சதவீத குளுக்கோஸ் 100 மில்லியில் இருப்பது 5 கிராம் சர்க்கரை, ஏறத்தாழ 17 கலோரி. 4 கிலோ பூனைக்கு ஒரு நாளைக்கு வேண்டியதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. போதாததற்கு அந்தச் சர்க்கரை ரத்தத்தில் பொட்டாசியத்தை இறக்கிவிடும், கல்லீரலில் கொழுப்பு சேர்வதற்கும் துணைபோகும். பொட்டாசியம் சேர்த்த உப்புநீர் டிரிப்தான் இதற்குச் சரி. வீட்டில் வாய்வழியாகக் குளுக்கோஸ் தண்ணி புகட்டுவதற்கும் இதே பதில்தான்.

டியூப் ஏன் என்ற கேள்வி எல்லா வீட்டிலும் வரும். "ஒரு பூனைக்குப் போயி கழுத்துல ஓட்டையா? பாவம்லா!" என்று ஆச்சிமார் பதறுவார்கள். சிரிஞ்சால் வாயில் ஊற்றுவதுதான் உண்மையில் பாவம். ஒரு நாளைக்கு 200 கலோரியை வாய்வழியாகத் திணிக்க முடியாது. பாதி துப்பும், கொஞ்சம் மூச்சுக்குழாய்க்குள் போய் நிமோனியா வரும். குமட்டலோடு இருக்கும்போது வலுக்கட்டாயமாக ஊட்டிய தீனியின் வாசனையைப் பூனை மறக்காது. குணமான பிறகும் அந்த மீனைத் தொடாது. டியூப் போட்டுக் கணக்காக ஊட்டினால் பத்தில் எட்டுப் பூனை பிழைக்கும். ஊட்டாமல் விட்டால் ஏறக்குறைய எல்லாம் போய்விடும்.

டியூப்பில் இரண்டு வகை வீட்டுக்குத் தோதானவை. மூக்கு வழியாக உணவுக்குழாய்க்குப் போகும் மெல்லியது, 5 அல்லது 6 நம்பர் குழந்தை ஃபீடிங் டியூப். மயக்க மருந்து வேண்டாம், ஆனால் தண்ணீராக உள்ள தீனி மட்டும்தான் இறங்கும், சில நாளுக்குத்தான் தாங்கும். உடம்பு தேறி மயக்க மருந்தைத் தாங்கும்வரை ஓட்ட இது உதவும். அப்புறம் கழுத்தின் இடப்பக்கம் சிறு துளை போட்டு உணவுக்குழாய்க்குள் விடுகிற 12 அல்லது 14 நம்பர் டியூப். மெடிக்கலில் ரைல்ஸ் டியூப் என்றால் கொடுப்பார்கள். அரைத்த தீனி இதில் போகும், வாரக்கணக்கில் இருக்கும், டியூப்போடேயே பூனை தானாகவும் தின்னலாம். இந்த நோயில் ரத்தம் உறைவது தாமதமாகும் என்பதால் துளை போடுமுன் வைட்டமின் கே ஊசி 12 மணி நேரத்துக்கு ஒரு தடவை போடுவார்கள், கிலோவுக்கு 0.5 முதல் 1.5 மில்லிகிராம் கணக்கில். போட்ட பிறகு நுனி எங்கே நிற்கிறது என்று எக்ஸ்ரே எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். தோலை ஒட்டி டியூப்பில் மார்க்கர் பேனாவால் ஒரு கோடு போட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அந்தக் கோடு நகர்ந்தால் டியூப் நகர்ந்திருக்கிறது.

வீட்டுக்கு வருமுன் வாங்க வேண்டியவை: 10 மில்லி சிரிஞ்சு அரை டஜன், டியூப் வாயில் சரியாகப் பொருந்தும் 50 மில்லி சிரிஞ்சு இரண்டு, கூடுதலாக அதே நம்பர் டியூப் ஒன்று, கழுத்துக் காலர், டீ வடிகட்டியில் மெல்லிய கண் உள்ளது ஒன்று. பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரியைச் சுற்றியுள்ள மெடிக்கல்களில் மனுஷருக்கான சாமான்களே போதும். கூடுதல் டியூப் எதற்கென்றால், அரைத்த தீனியை முதலில் அதற்குள் விட்டுப் பார்க்க. அடைத்தால் சிங்க்கில் அடைக்கட்டும், பூனையின் கழுத்தில் வேண்டாம். எடை பார்க்கக் கடைத் தராசு மாதிரி 10 கிலோ வரை காட்டும் எலெக்ட்ரானிக் தராசு வேண்டும். பூனையைத் தூக்கிக்கொண்டு நாம் ஏறி நின்று கழிக்கிற முறையில் 200 கிராம் அங்கே இங்கே போகும். இந்த நோயில் அந்த 200 கிராம்தான் சேதி.

இனிக் கணக்கு. பூனையின் எடையை 30-ஆல் பெருக்கி 70-ஐக் கூட்டுங்கள். 4 கிலோ என்றால் 190 கலோரி. முதல் நாளே 190-ஐயும் ஊற்றக் கூடாது. பல நாள் காய்ந்து கிடந்த உடம்புக்குத் திடீரென்று தீனி போனால், பாஸ்பரஸும் பொட்டாசியமும் ரத்தத்திலிருந்து அணுக்களுக்குள் ஓடிவிடும். பாஸ்பரஸ் டெசிலிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்குக் கீழே இறங்கினால் சிவப்பணுக்கள் உடைய ஆரம்பிக்கும். மூத்திரம் கட்டன் டீ நிறத்தில் போகும், ஈறு வெளுக்கும். தீனி ஆரம்பித்த முதல் 3, 4 நாள்தான் இதற்குக் கண்டம். அந்த நாள்களில் ரத்தப் பரிசோதனைக்கு அலுத்துக்கொள்ளாதீர்கள்.

ஆகவே முதல் நாள் கால் பங்கு, இரண்டாம் நாள் அரை, மூன்றாம் நாள் முக்கால், நான்காம் நாள் முழுசு. தீனி மில்லிக்கு 1 கலோரி என்று வைத்துக்கொண்டால், 4 கிலோ பூனைக்கு ஒரு நாளைக்கு 6 வேளை, முதல் நாள் வேளைக்கு 8 மில்லி, பிறகு 16, பிறகு 24, பிறகு 32. ரொம்ப நலிந்த பூனைக்கு இதையே ஒரு வாரமாக நீட்டச் சொல்வார்கள். காலை 6, 9.30, மதியம் 1, 4.30, இரவு 8, 11.30 என்று வைத்தால் வீட்டில் இரண்டு பேர் மாறி மாறிப் பார்க்கலாம், ராத்தூக்கமும் கெடாது. வாந்தி இல்லாமல் ஒரு வாரம் ஓடிய பிறகு 4 வேளையாக்கி, வேளைக்கு 48 மில்லி. கலோரி டப்பாவின் லேபிளில் இருக்கும். தண்ணீர் கலந்தால் மில்லிக்கு எவ்வளவு என்று திரும்பக் கணக்குப் போடுங்கள். 100 கலோரி டப்பாவில் 50 மில்லி தண்ணீர் கூடினால் கலோரி கூடாது, வயிறுதான் நிறையும். இந்த இடத்தில் தவறி, "நல்லா ஊட்டியும் எடை ஏறலை" என்று குழம்புகிறவர்கள் அதிகம்.

நோயிலிருந்து மீளும் பூனைக்கென்று விற்கிற, புரதமும் கொழுப்பும் கூடிய டப்பாத் தீனிதான் முதல் தேர்வு. கல்லீரல் நோய் என்றதும் புரதத்தைக் குறைக்கத் தோன்றும். மூளைக்கு நச்சேறிச் சுவரை வெறித்துக்கொண்டு, வட்டமாகச் சுற்றி, எச்சில் ஒழுக நிற்கிற அபூர்வமான கேஸைத் தவிர வேறு எதற்கும் குறைக்கக் கூடாது. டப்பா வர 2 நாள் ஆகும் என்றால் அதுவரை ஓட்ட: எலும்பில்லாத கோழிக்கறி, வேகவைத்த பின் 100 கிராம், அவித்த முட்டையின் மஞ்சள்கரு 1, வெந்நீர் சேர்த்து மொத்தம் 220 மில்லி வரும்படி மிக்ஸியில் 5 நிமிஷம். இரண்டு தடவை வடிகட்டுங்கள், கோழி நார் பொல்லாதது. ஏறத்தாழ மில்லிக்கு 1 கலோரி. இதில் சுண்ணாம்புச் சத்தும் பல வைட்டமினும் இல்லை, பூனைக்குக் கட்டாயம் வேண்டிய டாரின் என்ற அமினோ அமிலமும் போதாது, ஆகையால் வாரக்கணக்கில் ஓட்ட ஆகாது. ஈருள்ளி (வெங்காயம்), வெள்ளைப்பூண்டு போட்ட குழம்புச் சாறோ சூப்போ ஒரு சொட்டும் வேண்டாம். பூனையின் சிவப்பணுவை அவை உடைக்கும், இந்த நோயில் அது ஏற்கெனவே நொய்ந்துபோய் இருக்கிறது. பால், தயிர்ச்சோறு, கஞ்சி மூன்றுக்கும் இங்கே வேலை இல்லை.

ஊட்டும் முறை. தீனியைக் கிண்ணத்தோடு வெந்நீரில் வைத்து உடம்புச் சூட்டுக்குக் கொண்டுவாருங்கள். உள்ளங்கை மணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டால் சுடவும் கூடாது, குளிரவும் கூடாது. குளிர்ந்த தீனி வாந்திக்கு நேர் வழி. பூனையை நெஞ்சு தரையில் படும்படி உட்கார்த்தி, தலை நிமிர்ந்திருக்கட்டும். மூடியைத் திறந்து கோடு இடத்தில் இருக்கிறதா என்று பார்த்து, 5 மில்லி வெதுவெதுப்பான தண்ணீர் மெதுவாக விடுங்கள். இருமினாலோ திணறினாலோ நிறுத்துங்கள், அன்று தீனி கிடையாது, மருத்துவரிடம்தான். இருமல் இல்லை என்றால் தீனி, 15 முதல் 20 நிமிஷத்தில். 32 மில்லியை 3 நிமிஷத்தில் தள்ளிவிட்டு வாந்தி வந்ததும் மருந்து சரியில்லை என்று சொல்வது சகஜம். நடுவில் விழுங்கினாலோ உதட்டை நக்கினாலோ 2 நிமிஷம் பொறுங்கள். முடிந்ததும் மறுபடி 5 மில்லி தண்ணீர், மூடி. கழுவும் தண்ணீரும் தீனியில் உள்ள நீரும் சேர்ந்து 4 கிலோ பூனைக்கு ஒரு நாளைக்கு 200 மில்லி ஆகிவிடும், தனியாகப் புகட்ட வேண்டாம். தீனி போன பிறகு அரை மணி நேரம் தூக்காமல் கொஞ்சாமல் விட்டுவிடுங்கள்.

வாந்தி எடுத்தால் அந்த வேளையை விட்டு, அடுத்த வேளை பாதி அளவு, இன்னும் நிதானமாக. ஒரு நாளில் மூன்று தடவைக்கு மேல் போனால் குமட்டல் மருந்தை மாற்றவோ கூட்டவோ வேண்டும். மரோபிடன்ட், ஒன்டான்செட்ரான் இரண்டும் இங்கே வழக்கத்தில் உள்ளவை. வாந்தியோடு டியூப் நுனி வாய்வழியே வெளியே வந்து தொங்குவதும் உண்டு. அதைத் திரும்ப உள்ளே தள்ளாதீர்கள், தீனியும் வேண்டாம். பூனை அதைக் கடிக்காமல் பிடித்துக்கொண்டு மருத்துவரிடம் கிளம்புங்கள்.

டியூப் அடைத்தால் 5 மில்லி வெந்நீரை இதமாகத் தள்ளுவதும் இழுப்பதுமாக ஆட்டி, 10 நிமிஷம் உள்ளேயே நிற்கவிட்டு மறுபடி முயலுங்கள். மசியாவிட்டால் கோலா சோடா 5 மில்லி விட்டுக் கால் மணி. ஈர்க்குச்சியோ கம்பியோ விட்டுக் குத்தினால் டியூப் கிழிந்து உள்ளே சதையில் ஏறும். பாதி அடைப்பு மாத்திரையால்தான் வருகிறது. மாவாகப் பொடித்துத் தண்ணீரில் முழுதாகக் கரைத்து, ஒவ்வொரு மருந்தையும் தனித்தனியே விட்டு நடுவில் கழுவுங்கள். கல்லீரலுக்குத் துணையாக எழுதும் எஸ்-அடினோசில் மெத்தியோனின் மாத்திரை உறையோடு இருப்பது, பொடித்தால் பலன் போய்விடும். அதை எப்படிக் கொடுப்பது என்று மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

மருந்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. பி12 ஊசி வாரம் ஒரு தடவை 250 மைக்ரோகிராம், தயமின் (வைட்டமின் பி1), நாளைக்கு எல்-கார்னிடின் 250 மில்லிகிராம், டாரின் 250 முதல் 500 மில்லிகிராம் என்று எழுதுவார்கள். எல்லாம் தீனிக்குத் துணை. மனுஷருக்கு விற்கும் கல்லீரல் டானிக்கைக் கொடுத்துவிட்டுத் தீனியில் கோட்டை விட்டால் பயனில்லை. பசியைத் தூண்டும் மிர்டாசபைன் ஆரம்பத்தில் உதவாது. கல்லீரல் பழுதான பூனைக்கு அளவும் குறைத்துத்தான் தர வேண்டும். பசிக்கென்று டயசெபாம் வாய்வழி கொடுப்பது பழைய வழக்கம், பூனையின் கல்லீரலையே அது காவு வாங்கியிருக்கிறது. காய்ச்சல் என்று பாராசிட்டமால் கொடுத்தால் ஒரே மாத்திரை பூனையைக் கொல்லும்.

கழுத்துத் துளையை அக்கினி நட்சத்திர வெயிலில் தினமும், மற்ற நாளில் ஒருநாள் விட்டு ஒருநாளாவது திறந்து பார்க்க வேண்டும். கொஞ்சம் காய்ந்த சளி மாதிரிக் கசிவு இருக்கலாம். சீழ், நாற்றம், வீக்கம், சூடு இருக்கக் கூடாது. வெளிறிய டீ நிறத்துக்குத் தண்ணீரில் கலந்த பொவிடோன் அயோடினால் துடைத்து, காயவிட்டு, மெல்லிய காஸ் வைத்து, பழைய வேட்டித் துணியில் தைத்த கழுத்துப்பட்டை. இரண்டு விரல் உள்ளே நுழைய வேண்டும், இறுக்கினால் மூச்சும் தீனியும் சிக்கும். நம்மூரில் இரண்டு எதிரிகள் உண்டு. கழுத்துக் கட்டின் மேல் ஒரு சொட்டுத் தீனி சிந்தினால் பத்து நிமிஷத்தில் எறும்பு ஏறும். ஈ மொய்த்தால் புழு வைக்கும். ஊட்டி முடித்ததும் மூடியையும் கட்டையும் ஈரத்துணியால் துடைத்துவிடுங்கள், பூனை படுக்கும் பெட்டியை ஸ்டூலில் வைத்து ஸ்டூல் கால்களைத் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்துங்கள், கொசுவலை போடுங்கள். அரைத்த தீனி ஃபிரிட்ஜில் 24 மணி நேரம், வெளியில் எடுத்தது ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகாது. கரண்ட் போய் வெகுநேரம் ஆகியிருந்தால் கொட்டிவிடுங்கள்.

ஒரு நோட்டில் வேளை, அளவு, வாந்தி, மூத்திரம், மலம், காலை எடை எழுதுங்கள். தலையைத் தூக்க முடியாமல் தாடை நெஞ்சில் ஒட்டத் தொங்கினால் பொட்டாசியமோ தயமினோ குறைந்திருக்கிறது. தூங்கும்போது நிமிஷத்துக்கு 40-க்கு மேல் மூச்சு, ஈறு வெளுப்பு, கருத்த மூத்திரம், வலிப்பு, ஊசி குத்திய இடத்தில் நிற்காத ரத்தம், இவற்றில் எதற்கும் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது.

நல்லது நடக்கிறதா என்பதற்கு மஞ்சளை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் மனசு விட்டுப்போகும், தோல் வெளுக்க நாளாகும். முதலில் பூனை தன் உடம்பை நக்கிச் சுத்தம் செய்யத் தொடங்கும். பிறகு சத்தம் கேட்டால் காது திரும்பும். ரத்தத்தில் பிலிருபின் 7 முதல் 10 நாளில் பாதியாகக் குறைந்தால் கரையேறிவிட்டது என்று மருத்துவரே சொல்வார். ஏ.எல்.பி. நிதானமாகத்தான் இறங்கும்.

டியூப் காலம் பொதுவாக 3 முதல் 6 வாரம். குமட்டல் நின்று ஒரு வாரமான பிறகே தட்டை வைத்துப் பாருங்கள். டியூப் தீனிக்கு முன்னால், ஊட்டுகிற இடத்துக்கு வேறான மூலையில், அவித்த சாளையோ கோழியோ ஒரு ஸ்பூன். மூக்கருகே நீட்டாதீர்கள், சுற்றி நின்று "தின்னு, தின்னு" என்று கெஞ்சாதீர்கள். 10 நிமிஷத்தில் தட்டை எடுத்துவிடுங்கள். தானாகத் தின்ன ஆரம்பித்தால் டியூப் அளவில் கால் பங்கு குறைத்து, எடை நிற்கிறதா பார்த்து, மறுபடி கால் பங்கு. டியூப்பில் தண்ணீர் மட்டும் விட்டுக்கொண்டு, ஒரு வாரம், முடிந்தால் இரண்டு வாரம், எடை இறங்காமல் தின்ற பிறகுதான் எடுக்க வேண்டும். இரண்டு நாள் தின்றதைப் பார்த்துச் சந்தோஷத்தில் எடுத்துவிட்டு மறுபடி துளை போட்ட பூனைகள் உண்டு.

எடுப்பது ஒரு நிமிஷ வேலை, தையலை வெட்டி உருவிவிடுவார்கள். துளைக்குத் தையல் வேண்டாம், சில நாளில் தானாக மூடிக்கொள்ளும். அதுவரை ஈ உட்காராமல் காஸ் மட்டும் வைத்து, சொறியாமல் காலரை விட்டுவையுங்கள். பூனை இன்னும் குண்டாக இருந்தால் எடை குறைப்பை மருத்துவர் சொன்ன பிறகு ஆரம்பியுங்கள், வாரத்துக்கு உடம்பு எடையில் 1 சதவீதத்துக்கு மேல் போகாமல். 6 கிலோ பூனைக்கு அது 60 கிராம்.